சந்திரமதியின் தாலியும் ஒரு மொய் நோட்டும்

தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுவது நேர விரயம் என்று கருதும் நண்பர்கள் இந்த வட்டத்தில் பலர். நானும் அநேகமாக அந்தக் கட்சிதான். ஆனால் இங்கே எழுத நினைப்பது வராத ஒரு படத்தைப் பற்றி. இரண்டு ஆண்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள். வீடு நிறைய உறவுக்காரர்கள். ஆளுக்கொரு கோபம், ஆளுக்கொரு ரகசியம், சமையல்கட்டில் ஒரு சண்டை, கடைசியில் எல்லோருக்கும் பந்தி. இப்படி ஒரு சிரிப்புப் படம். தமிழில் இது ஏன் வரவில்லை என்று கேட்டால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள், தணிக்கை விடாது என்ற பதில்கள் தயாராக இருக்கின்றன. சோம்பேறிப் பதில்கள். அந்தப் படம் ஒரு விதத்தில் வந்துதான் இருக்கிறது, நூறு நாள் ஓடியும் இருக்கிறது என்பது என் கட்சி. சேலை கட்டிக்கொண்டு வந்ததால் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

1993இல் அமெரிக்காவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று மிஸஸ் டவுட்ஃபயர். விவாகரத்தான ஒருவன் தன் குழந்தைகளைப் பார்ப்பதற்காகக் கிழவி வேஷம் போட்டுத் தன் வீட்டுக்கே வேலைக்காரியாகப் போகிறான். மற்றது தைவானிலிருந்து போன ஆங் லீ எடுத்த 'தி வெட்டிங் பேங்க்வெட்'. நியூயார்க்கில் ஒரு சீனப் பையன் சைமன் என்ற வெள்ளைக்காரனோடு வாழ்கிறான். பேரன் பேரன் என்று தைவானிலிருந்து நச்சரிக்கும் பெற்றோரைச் சமாளிக்க, குடியுரிமைச் சிக்கலில் இருக்கும் ஒரு பெண்ணைப் பொய்யாகக் கட்டிக்கொள்ள நினைக்கிறான். பெற்றோர் விமானமேறி வந்துவிடுகிறார்கள். பொய்க் கல்யாணத்துக்கு நிஜமான விருந்து நடக்கிறது, அந்த விருந்தின் ரகளையில் எல்லாம் தலைகீழாகிறது. அந்த வருஷம் பெர்லினில் தங்கக் கரடிப் பரிசை இன்னொரு சீனப் படத்தோடு பங்கிட்டுக்கொண்டது இந்தப் படம்.

இரண்டில் எது நம் குடும்பச் சித்திர மரபுக்கு நெருக்கமானது? சந்தேகமில்லாமல் இரண்டாவதுதான். பேரனுக்கு ஏங்கும் தகப்பன், வாய்விட்டுச் சொல்லாத தாய், கடன்பட்டாவது செய்ய வேண்டிய விருந்து. ஒரு சம்பவத்தைக்கூட மாற்றாமல் அரியலூருக்குக் கொண்டுவரலாம். நாம் எடுத்துக்கொண்டது முதலாவதை. 1996 தீபாவளிக்கு 'அவ்வை சண்முகி' வந்தது. கே. எஸ். ரவிக்குமார் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமல்ஹாசன் வேஷம்.

இந்தக் கடனில் ஒரு சின்னக் கழித்தல் நடந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. மூலப்படத்தில் கதாநாயகனைக் கிழவியாக மாற்றும் ஒப்பனைக்காரன் அவனுடைய சொந்த அண்ணன். அந்த அண்ணன் தன் துணையான இன்னொரு ஆணோடு ஒரே வீட்டில் வாழ்கிறான். படம் அதைப் பெரிதுபடுத்தவில்லை. குழந்தைகளின் பெரியப்பா, அவ்வளவுதான். தமிழுக்கு வரும்போது அந்த இருவரும் கரைந்து நாகேஷின் ஜோசப் ஆகிவிட்டார்கள். நாகேஷ் அற்புதம், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் குடும்பத்துக்குள்ளே, உறவுமுறை சொல்லிக் கூப்பிடும்படி இருந்த ஒரு ஜோடி போய், குடும்பத்துக்கு வெளியே இருக்கும் ஒரு தனிக்கட்டை வந்தார்.

வெளியேற்றிய பொருள் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. மூலத்தில் இல்லாத ஒரு சரடு தமிழில் சேர்ந்தது: கதாநாயகியின் அப்பா விஸ்வநாத ஐயர், மருமகன் என்று தெரியாமல் சண்முகி மாமியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளத் துடிக்கிறார். (1982இல் வந்த டூட்ஸியில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு.) ஐயராக நடித்தவர் ஜெமினி கணேசன். முப்பது வருஷம் தமிழ்நாட்டின் காதல் மன்னனாக இருந்தவர், சேலை கட்டிய ஓர் ஆணின் பின்னால் அலைகிறார். வீட்டுச் சொந்தக்காரரான மணிவண்ணனின் முதலியாரும் அதே மாமியின் பின்னால். தோல் வியாபாரம், ஜாதி, வாய்பேச முடியாத பிராமணச் சமையல்காரராக நடிக்கும் முஸ்லிம் என்று கூட்டம் கூட்டமாகப் பாத்திரங்கள். ஆண் ஆணைக் கட்டிக்கொள்ள நினைக்கும் ஒரு கல்யாணம், அதைச் சுற்றி ஒரு குடும்பத்தின் கலவரம், விழுந்து விழுந்து சிரிக்கும் கொட்டகை. நான் சொன்ன வராத படம் இதுதானே? ஒரே ஒரு நிபந்தனை: கட்டிக்கொள்ள நினைப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கக் கூடாது.

இந்தப் படத்தை 1997 பொங்கலுக்கு அப்புறம் அரியலூரில் ஒரு கொட்டகையில் என் பெரியப்பாவோடு பார்த்தேன். எங்கள் ஊர் கல்லங்குறிச்சி, அரியலூருக்குக் கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர். கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். (கள்ளக்குறிச்சி வேறு, எங்கள் தபால்கள் அங்கே போய்த் திரும்புவது பரம்பரைத் தொல்லை.) பெரியப்பா சிறுவயதில் ஊர்சுற்றும் நாடக செட் ஒன்றில் சேர்ந்து நாற்பது வயது வரை ஸ்திரீபார்ட் கட்டியவர். கொட்டகையே அதிர்ந்துகொண்டிருந்தபோது அவர் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன்.

"நல்லா இருக்குடா. ஆனா அது மாறுவேஷம். வேஷம் இல்ல" என்றார்.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. மாறுவேஷம் என்றால் உள்ளே இருப்பவன் யார் என்று பார்ப்பவனுக்குச் சதா ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சண்முகி மாமி இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நமக்குக் கண்ணடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்பு வராது. வேஷம் அப்படியல்ல. கட்டியவன் அதுவாகவே ஆக வேண்டும், பார்ப்பவனும் மறக்க வேண்டும். தமிழ் நாடகமேடையின் ஒரு நீண்ட காலம் முழுவதும் இந்த மறதியின் மேல்தான் நின்றது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்த கௌரவமான சபை. அதில் கதாநாயகன் பம்மல், பல வருஷம் கதாநாயகி அவருடைய ஆப்த நண்பர் ரங்கவடிவேலு முதலியார். 'நாடகமேடை நினைவுக'ளில் அந்த நண்பரைப் பற்றி வரும் இடங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஓர் ஆண் இன்னோர் ஆணின் மேல் வைத்த பிரியத்தையும் அவர் போன பின் வந்த துக்கத்தையும் எவ்வளவு கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார் என்று. இதற்கு இன்றைய பெயர் எதையும் நான் வைக்கவில்லை. வைப்பது அந்த மனிதர்களுக்கு மரியாதையல்ல. கூச்சமின்மையை மட்டும் குறித்துக்கொள்கிறேன். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதிலிருந்தும் அதைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளிலிருந்தும் வந்தவர்கள்தான் பின்னால் சினிமாவை ஆண்டார்கள். சிவாஜி கணேசன் இளம் வயதில் சீதையாக நடித்தவர். டி. கே. சண்முகம் ஔவையார் வேஷத்தால் அவ்வை சண்முகம் ஆனார். அவரிடம் நாடகம் கற்ற கமல்ஹாசன் தன் மாமிக்குச் சண்முகி என்று பெயர் வைத்தது குருவணக்கம். ஆனால் பெயர் மட்டும்தான் குருவிடமிருந்து வந்தது. ஔவையாரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பாவின் பேர்போன வேஷம் சந்திரமதி. எங்கள் ஊர்க் கோயிலில் மூலவராக நிற்பது கல் கம்பம், அதில் அனுமார் உருவம். காணாமல் போன சினைப்பசு அந்தக் கம்பத்தடியில் கன்றோடு கிடைத்ததாகக் கதை. ராமநவமியில் திருவிழா தொடங்கும். விளைந்ததில் ஒரு பங்கு தானியமாகவும் மாடாகவும் ஆடாகவும் வந்து குவியும். அந்த நாட்களில் ஊருக்கு வெளியே நாடகம் நடக்கும். எனக்கு ஏழெட்டு வயது. அரிச்சந்திரா மயான காண்டம் விடியற்காலம் மூன்று மணிக்கு வரும், அதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவோம், பெண்கள் அழும் சத்தத்தில்தான் விழிப்பு வரும். பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு பெரியப்பா உட்கார்ந்திருப்பார். எதிரே வெட்டியானாக அரிச்சந்திரன். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். என்னிடம் ஒன்றுமில்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். அப்போதுதான் அவள் நிமிர்வாள். அந்தத் தாலி புருஷனைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாதது.

அந்த அரிச்சந்திரன் திருமானூர்ப் பக்கத்து மனிதர். பெரியப்பாவும் அவரும் ஒரே செட்டில் பதினெட்டு வருஷம் ஜோடி. செட் கலைந்த பிறகும் மாதம் ஒரு தடவை கொள்ளிடக் கரையிலிருந்து சைக்கிளில் வருவார், மூன்று நாள் தங்குவார். பிள்ளைகளுக்கு அவர் பொட்டுக்கடலை மாமா. ஊரில் யாரும் ஒன்றும் சொன்னதாக ஞாபகமில்லை. சொல்ல ஒரு சொல் இல்லாதது காரணமாக இருக்கலாம். இருந்த சொற்கள் எல்லாம் வசவுகள், அவற்றை ஒரு ராஜபார்ட்டின் மேல் பிரயோகிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

1961இல் பெரியப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. அவருக்கு அப்போது இருபத்தெட்டு, அந்தக் காலத்துக்கு அது தாமதம்தான். கோயிலில் தாலி, வீட்டு வாசலில் பந்தல். அந்தக் கல்யாணத்தின் மொய் நோட்டு என்னிடம் இருக்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்கள் கல்வெட்டையும் கெசட்டையும் தேடுகிறார்கள், மொய் நோட்டை யாரும் பார்ப்பதில்லை. யார் யாருக்கு யார், யாருக்கு எவ்வளவு கடமை, எந்த வருஷம் எந்தப் பங்காளியோடு பேச்சு நின்றது, எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டில் ஒன்று, இரண்டு, ஐந்து என்றுதான் தொகைகள் ஓடுகின்றன. தாய்மாமன் இருபத்தைந்து. கடைசிப் பக்கத்தில், உறவு எதுவும் குறிக்காமல், ஐம்பத்தோரு ரூபாய் என்று ஒரு வரி. அது பொட்டுக்கடலை மாமா.

இதைத் தொடர்ந்து நடந்ததை நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தாய்மாமனுக்கு மேல் ஒரு கூத்தாடி மொய் வைப்பதா என்று தாய்மாமன் இலையை விட்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்ததால் அவர் பக்கத்து வரிசை முழுவதும் எழுந்தது. பாட்டி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கிறாள். மொய் எழுதிய கணக்குப்பிள்ளை தொகையைத் திருத்திவிடலாமா என்று கேட்க, கொடுத்தவர் மறுக்க, நாயனக்காரர் விஷயம் தெரியாமல் கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளை மணவறையை விட்டு இறங்கிவந்து சமாதானம் செய்திருக்கிறார். கடைசியில் தாய்மாமன் இன்னொரு இருபத்தேழு ரூபாய் கடன் வாங்கி வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். நோட்டில் அந்த இருபத்தேழும் தனி வரியாக இருக்கிறது. ஆங் லீ இதைப் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

மொய் கடன் என்பது நமக்குத் தெரியும். வைத்தவன் வீட்டுக் கல்யாணத்தில் திருப்பி வைக்க வேண்டும். பொட்டுக்கடலை மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே அந்த ஐம்பத்தோரு ரூபாய் திருப்பப்படவே முடியாத மொய்.

நம் சினிமாவின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சோகம் யாரையும் ஏற்றுக்கொள்ளும். கூவாகத்தில் சித்திரைதோறும் கூத்தாண்டவருக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுத்துவிட்டு விதவையாக அழுகிறார்கள். அந்த அழுகைக்கு ஊரும் பத்திரிகையும் அரசாங்கமும் இடம் கொடுத்திருக்கின்றன. சிரிப்புப் படம் அப்படியல்ல. அது கல்யாணத்தில், பந்தியில், எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் போட்டோவில் முடிய வேண்டும். அங்கே ஒருவரை உட்காரவைப்பது என்றால் அவர் பெயர் நோட்டில் ஏற வேண்டும், திருப்பி வைக்கும் கடமை மற்றவர்களுக்கு வர வேண்டும். அழுவதைவிட இது செலவு பிடித்த காரியம். அதனால்தான் இரண்டாயிரங்களின் நகைச்சுவைப் பகுதிகளில் இப்படிப்பட்ட ஆண் ஒரு நிமிஷம் வந்து, வளைந்து நெளிந்து, அடிபட்டுப் போனான். பந்திக்கு அவன் அழைக்கப்படவில்லை. 2010இல் வெங்கட் பிரபுவின் 'கோவா'வில் ஓர் ஆண் ஜோடி சண்டையும் சமாதானமுமாக, கிட்டத்தட்ட மற்ற ஜோடிகளைப் போலவே நடமாடியது. ஆனால் கடற்கரை விடுதி அது. மாமன் மச்சான் யாரும் அங்கே இல்லை.

சட்டத்தில் இன்னொரு விநோதம். 1967இல் அண்ணாதுரை ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய பிரிவு. புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். உறவினரோ நண்பரோ சாட்சியாக இருக்க, தங்களுக்குப் புரிந்த பாஷையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். எந்த இரண்டு இந்துக்களுக்கும் பொருந்தும் என்று தொடங்குகிற அந்தப் பிரிவு, இரண்டே வரி கழித்துக் கணவன் என்றும் மனைவி என்றும் பிரித்துக்கொள்கிறது. சடங்கைக் களைந்தவர்கள் பாத்திரங்களைக் களையவில்லை. 2018 செப்டம்பர் 6இல் 377 ஆம் பிரிவின் கத்தி நீங்கியது. 2019 ஏப்ரலில், தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு திருநங்கையின் வழக்கில், 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். ஒரு சொல்லுக்குள் ஒருவரை உட்காரவைத்த அந்தத் தீர்ப்பு எனக்கு ஓர் இலக்கியக் காரியமாகவே பட்டது. ஆனால் 2023 அக்டோபர் 17இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் அடிப்படை உரிமையல்ல, இதைப் பாராளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

படங்கள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. இந்தியில் 2020இலேயே 'சுப் மங்கள் ஜ்யாதா சாவதான்' வந்துவிட்டது. அலகாபாத்துக் கூட்டுக்குடும்பம், ஒரு கல்யாண வீடு, இரண்டு ஆண்கள், கத்தித் தீர்க்கும் தகப்பன். நான் கேட்கும் படத்துக்கு நெருங்கிய உறவு, கொஞ்சம் கூச்சல் அதிகம். அமெரிக்காவில் ரோஷன் சேத்தி, மாதுரி சேகரின் நாடகத்திலிருந்து 'எ நைஸ் இண்டியன் பாய்' எடுத்தார்; இந்தியக் குடும்பம், இரண்டு மாப்பிள்ளைகள், கடைசியில் பந்தி. ஆங் லீயின் படத்தையே ஆண்ட்ரூ ஆன் 2025இல் மறுபடி எடுத்தார். தமிழில் அதே 2025 பிப்ரவரியில் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை' வந்தது. மகள் தான் நேசிக்கும் பெண்ணை வீட்டுக்கு அழைத்துவருகிறாள், முற்போக்கான தாய் நொறுங்குகிறாள். ரோகிணி நன்றாகச் செய்திருந்தார். நேர்மையான படம். ஆனால் வீட்டில் விவாதம் நடந்ததே தவிர விருந்து நடக்கவில்லை.

இவற்றில் என்னை உலுக்கியது மலையாளத்தில் ஜியோ பேபி எடுத்த 'காதல் – தி கோர்', 2023 நவம்பர். தீர்ப்பு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. மம்மூட்டியின் மாத்யூவை எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு ஜோதிகாவின் ஓமனாதான். இருபது வருஷம் அவனோடு வாழ்ந்துவிட்டு விவாகரத்துக் கேட்கிறாள், அவனையும் விடுவிப்பதற்காக. அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு நேரம் பெரியப்பாவைப் பற்றியும் பொட்டுக்கடலை மாமாவைப் பற்றியும் ஆர்வமாக எழுதிக்கொண்டு வருகிறேனே, பெரியம்மா என்ற ஒருத்தி இருந்தாள் என்பது எத்தனை பக்கம் கழித்து எனக்கு ஞாபகம் வருகிறது பாருங்கள். மூன்று நாள் தங்க வருகிறவருக்கு மூன்று நாளும் சமைத்தவள் அவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்கான பேச்சை ஊர் அவளிடம்தான் பேசியது. ஆங் லீயின் படத்தில்கூடப் பொய் மணப்பெண்ணின் கதி அரைகுறையாகத்தான் யோசிக்கப்பட்டிருக்கிறது. அவ்வை சண்முகியில் கேட்கவே வேண்டாம்.

ஆங் லீயிடம் ஒரு காட்சி உண்டு. தகப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் நீர்க்கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் சைமனிடம் ஒரு சிவப்பு உறையை நீட்டுகிறார், உள்ளே பணம். சீனர்களின் மொய் அது. எல்லாம் தெரியும் என்கிறார், யாரிடமும் சொல்லாதே என்கிறார். பெற்ற மகனிடமும் மனைவியிடமும் பேசாத ஒன்றை ஒரு காகித உறையால் பேசி முடித்துவிடுகிறார். உறவு கணக்கில் ஏறிவிட்டது.

பெரியப்பா 2004இல் காலமானார். பதினாறாம் நாள் கருமாதிக்குப் பொட்டுக்கடலை மாமா வந்தார். சைக்கிள் ஓட்டும் வயதில்லை, பஸ்ஸில் வந்தார். பந்தலுக்குள் வராமல் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த நோட்டை எடுக்கச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூற்றொரு ரூபாயை ஒரு வெற்றிலையில் வைத்துக்கொண்டு திண்ணைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"மொய் பாக்கிண்ணே" என்றாள்.

அவருக்குக் காது மந்தம். இரண்டாவது தடவை சொன்னதும்தான் விளங்கியது.

"எந்தக் கல்யாணத்துக்குத் தங்கச்சி?" என்றார்.

பெரியம்மா பதில் சொல்லவில்லை. வெற்றிலையை நீட்டியபடியே நின்றாள். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றையும் ஒற்றை ரூபாயையும் மட்டும் எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். மீதியை அவள் வற்புறுத்தவில்லை. உள்ளே வந்து அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள். நான் அடிக்கவில்லை, பக்கத்தில் அன்றைய தேதியை மட்டும் போட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் அடித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டாள்.